புது பிஸ்டல் குறி தப்புதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ரேஞ்சில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் போலீஸ் பட்டாலியனில் ஆயுதக் கிடங்கு வேலை. கோடை லீவு முடிகிற சமயத்தில் புதுப் பெட்டிகள் வரிசையாக வந்து இறங்கும். பெட்டி வந்த பத்தாம் நாள் அப்பாமார் வந்து நிற்பார்கள். நேரில் கேட்டது, போனில் கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

நம்ம பக்கம் பிஸ்டல் என்றாலே மணியாச்சி ஸ்டேஷனும் 1911-ஆம் வருஷமும்தான் முதலில் ஞாபகம் வரும். இங்கே பேச்சு முழுக்க அட்டையில் ஓட்டை போடுகிற பிஸ்டலைப் பற்றி. பெரும்பாலும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், ஓரத்தில் ஒரு ரிவால்வர் கேள்வியும் உண்டு. கீழே சொல்கிற எந்தச் சோதனைக்கும் முன்னால் குண்டு உள்ளே இல்லை என்று கண்ணால் பாருங்கள். குழல்வாய் எப்போதும் அட்டைப் பக்கம் இருக்கட்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல மாட்டேன்.

"அண்ணாச்சி, ஒன்றரை லட்சத்துக்கு மேல குடுத்து வாங்கியிருக்கேன். கிளப்புல கிடந்த பழைய பிஸ்டல்ல நூத்துக்குத் தொண்ணூறு அடிச்ச பையன், இதுல எழுபத்தெட்டு அடிக்கான். பிஸ்டல் கோளாறா?"

அநேகமாக இல்லை. பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும்; பாதிப் பேர் அதை விலைச்சீட்டு என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருப்பார்கள். தேடி எடுங்கள். தொழிற்சாலையில் பிஸ்டலை இடுக்கியில் பிடித்து, பத்து மீட்டரில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்த அட்டை அது. நல்ல மேட்ச் பிஸ்டல் என்றால் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கொஞ்சம் பெரிய ஒரே ஓட்டையாகத் தெரியும். அந்தக் குழல் அங்கிருந்து இங்கே வருவதற்குள் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு.

அப்படியானால் பன்னிரண்டு மார்க் எங்கே போச்சு? கைப்பிடி புதுசு, விசையின் (விரலால் இழுக்கிற ட்ரிக்கர்) எடை புதுசு, பின்சைட்டின் இடைவெளி அகலம் புதுசு, முன்பக்க பாரம் புதுசு. குறி பார்க்கக் குழலின் மேலே முன்னும் பின்னும் இருக்கிற தகடுகளைத்தான் முன்சைட், பின்சைட் என்கிறோம். இரண்டு வருஷம் ஓட்டின சைக்கிளை விட்டு வேறு சைக்கிளில் ஏறினால் முதல் வாரம் முழங்கால் இடிக்குமில்லையா, அதே கதை. மூன்று வாரம் பொறுங்கள். பொறுக்க முடியாது என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

"முதல்ல என்னத்தப் பாக்கணும்?"

குண்டுகள் கூடி விழுகின்றனவா, சிதறி விழுகின்றனவா என்பதை மட்டும். எங்கே விழுகின்றன என்பது அப்புறம். கூடி விழுந்து இடம் மட்டும் தப்பினால் அது சைட் விவகாரம், இரண்டு நிமிஷ வேலை. சிதறி விழுந்தால் சைட்டைத் திருகி ஒரு பிரயோஜனமும் இல்லை. என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் சிதறுகிற பிஸ்டலின் சைட்டைத் திருகிவிட்டுத்தான் வருகிறார்கள்.

இதைப் பார்க்க ஒரு வழி: அட்டையைத் திருப்பி மாட்டுங்கள். கறுப்பு வட்டம் தெரியாது, வெறும் வெள்ளை. அந்த வெள்ளையின் நடுவை உத்தேசமாகப் பார்த்துப் பத்துக் குண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓட்டையைத் தேடிப் போகக் கூடாது. பத்தும் முடிந்த பிறகுதான் பார்க்க வேண்டும். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. கறுப்பில் சுடும்போது சிதறுகிற பையன் வெள்ளையில் சுடும்போது கூட்டிவிடுவான். அப்படி நடந்தால் பிஸ்டலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பையனிடம் பேசுங்கள். நடுவில் இருக்கிற பத்து மார்க் வட்டத்தைக் கண்டதும் அவன் அவசரப்பட்டு விசையைப் பிடுங்குகிறான்.

மூன்று குண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று கோலிக்காய் எங்கே வேண்டுமானாலும் உருளும். குறைந்தது பத்துக் குண்டு வேண்டும், அதையும் இரண்டு தடவை, வேறு வேறு நாளில்.

"எல்லாம் ஒரே கூட்டமாத்தான் விழுது. ஆனா இடது கீழ் மூலையில. சைட்டைத் திருகிரட்டுமா?"

வலதுகைக்காரர் என்றால் திருகாதீர்கள், இன்னும் இல்லை. இடது கீழ் என்பது வலதுகைக்காரர்களின் பிறந்த ஊர் மாதிரி. ஆள்காட்டி விரல் மட்டும் பின்னால் வர வேண்டிய இடத்தில் ஐந்து விரலும் சேர்ந்து கைப்பிடியைக் கசக்கினால் குழல் தாழும். விரல் நேராகப் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளினால் குழல் இடது பக்கம் போகும். இரண்டும் சேர்ந்தால் இடது கீழ். இடதுகைக்காரருக்கு இதே தப்பு வலது கீழாக வரும்.

கண்டுபிடிக்க ஒரு சோதனை. ஒரு கூட்டாளியிடம் பிஸ்டலைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் குண்டு போட்டோ போடாமலோ திருப்பித் தரச் சொல்லுங்கள். குண்டு இல்லாத தடவை, விசை இழுபடுகிற அந்த நொடியில் முன்சைட் கீழே குதிக்கிறதா பாருங்கள். குதித்தால் காரணம் கையில் இருக்கிறது. அசையாமல் நின்றும் குண்டு இடது கீழேயே போகிறது என்றால், இன்னொரு நல்ல சுடுநரைச் சுடச் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் அங்கேயே விழுந்தால் தாராளமாகத் திருகுங்கள்.

கைத்தப்பை சைட்டால் சரிக்கட்டினால் என்ன ஆகும் தெரியுமா? வள்ளியூரிலிருந்து ஒரு பையன் அப்படித்தான் வந்தான். பின்சைட் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குமேல் திருக இடமில்லை. ஒரு மாதம் விசைப் பயிற்சி கொடுத்தேன். கை சரியானதும் குண்டெல்லாம் வலது மேலே போக ஆரம்பித்தது. "நீங்க சொல்லிக் குடுத்ததுல இன்னும் மோசமாப் போச்சு சார்" என்றான். சிரித்துக்கொண்டே சைட்டை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

விரல் எங்கே படுகிறது என்பதையும் பாருங்கள். முதல் கணுவின் சதைப் பகுதி விசையில் படவேண்டும். கைப்பிடி பெரிய அளவாக வந்திருந்தால் சின்னக் கைக்கு விரல் நுனிதான் எட்டும், பக்கவாட்டில் தள்ளும். கைப்பிடி சின்னது, நடுத்தரம், பெரிது என்று அளவுகளில் வரும். வாங்கும்போது கடைக்காரர் இருப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பார். பையனின் உள்ளங்கையை அளந்து கேட்டு வாங்குங்கள். விசையையும் முன்னே பின்னே நகர்த்தி வைக்கும் வசதி பெரும்பாலான மேட்ச் பிஸ்டல்களில் உண்டு.

"நம்ம கை ஆடுறது எல்லாருக்கும் ஆடுறதுதானே. அதுக்கா இவ்வளவு சிதறும்?"

கை ஆடுவதால் அவ்வளவு சிதறாது. சைட் கோணுவதால் சிதறும். இரண்டும் வேறு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே 34 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒழுங்காக ஒன்றுக்கொன்று நேராக இருந்து, மொத்தக் கையும் 1 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ. தான் நகரும். ஆனால் பின்சைட்டின் இடைவெளிக்குள் முன்சைட் 1 மி.மீ. ஒதுங்கி நின்றால், 10 மீட்டரில் அது கிட்டத்தட்ட 29 மி.மீ. ஆகிவிடும். பிஸ்டல் அட்டையில் ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் 8 மி.மீ. இடைவெளி. அதாவது மூன்றரை மார்க் போச்சு.

அதனால்தான் கண்ணை முன்சைட்டில் ஊன்றச் சொல்லி உயிரை வாங்குகிறோம். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும். தெரிய வேண்டியது முன்சைட்டின் மேல்விளிம்பும் அதன் இரண்டு பக்கத்து வெளிச்சமும். வட்டத்தைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தால் முன்சைட் எங்கே நிற்கிறது என்று நமக்கே தெரியாது. புது பிஸ்டலில் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் புதுசு என்றால் கண் அட்டைக்கே ஓடும், "எங்க விழுந்துச்சு, எங்க விழுந்துச்சு" என்று.

"சைட்டை வலது பக்கம் திருகுனா குண்டு இடது பக்கம் போகுது. திருகே தப்பா மாட்டிருக்கானா?"

திருகு சரி, எழுத்துத்தான் ஏமாற்றுகிறது. அடிப்படை இது: பின்சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ குண்டும் அந்தப் பக்கம் நகரும். ஆனால் திருகின் தலையில் போட்டிருக்கும் எழுத்துக்கு இரண்டு விதமான அர்த்தம் புழக்கத்தில் இருக்கிறது. சில கம்பெனிகள் 'குண்டை இந்தப் பக்கம் கொண்டுபோக இப்படித் திருகு' என்ற அர்த்தத்தில் எழுதும். ஜெர்மானியப் பிஸ்டல்களில் பெரும்பாலும் 'குண்டு இந்தப் பக்கம் போனால் இப்படித் திருகு' என்று அர்த்தம். அவர்கள் போடுகிற 'ஹெச்' என்பது அவர்கள் மொழியில் உயரம். குண்டு உயரப் போனால் 'ஹெச்' பக்கம் திருக வேண்டும், கீழே வரும்.

புத்தகம் தேடிப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் பத்து க்ளிக் ஒரே பக்கம் திருகி ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். பிறகு அம்புக்குறியை ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள். எத்தனை க்ளிக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அது பிஸ்டலுக்குப் பிஸ்டல் மாறும்.

"எல்லாமே மேல போகுது."

எங்கே பார்த்துச் சுடுகிறீர்கள்? கறுப்பு வட்டத்தின் நடுவைப் பார்த்தா? ஏர் பிஸ்டலில் பொதுவாக அப்படிப் பார்ப்பதில்லை. கறுப்புக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை விட்டு முன்சைட்டை நிறுத்துவார்கள். கறுப்பின் மேல் கறுப்பு சைட்டை வைத்தால் விளிம்பு தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு. கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மி.மீ., பாதி கிட்டத்தட்ட 30. ஆகவே குண்டு பார்க்கிற இடத்துக்கு மேலே 30 மி.மீ.க்குக் குறையாமல் விழும்படிதான் சைட்டை வைத்திருப்பார்கள். அப்படி வைத்த பிஸ்டலில் நடுவைப் பார்த்துச் சுட்டால் எல்லாம் மேலேதான் போகும். கீழே நிறுத்திப் பழகுங்கள்.

"பத்து வட்டத்துல ஒண்ணுகூட விழல அண்ணாச்சி. ஒரு வாரமாச்சு."

அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். ரைஃபிள் அட்டை! அதிலே பத்து என்பது அரை மி.மீ. புள்ளி. பிஸ்டல் அட்டையின் பத்து 11.5 மி.மீ. விட்டம். வாங்கும்போது அட்டையின் பெயரைப் படித்து வாங்குங்கள். பிஸ்டல் அட்டையில் கறுப்பு பெரிதாக, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும்.

"எந்த பெல்லட் வாங்கணும்?"

பெல்லட் என்பது ஏர் பிஸ்டலின் குண்டு. உங்கள் குழலுக்குப் பிடித்ததை வாங்குங்கள். இதைச் சொன்னால் கோபப்படுகிறார்கள், ஆனால் வேறு பதில் கிடையாது.

பெல்லட்டின் தலை தட்டையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயம். தட்டைத் தலை அட்டையைப் பேப்பர் பஞ்ச் மாதிரி வட்டமாக வெட்டும். கூர்த் தலையும் உருண்டைத் தலையும் அட்டையைக் கிழிக்கும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று மார்க் போட முடியாது. கோட்டைத் தொட்டாலே மேல் மார்க் என்பதால் இது சின்ன விஷயமில்லை. எடை அரை கிராமுக்குப் பக்கத்தில். டப்பாவுக்கு 500.

இனி நுணுக்கம். 4.5 மி.மீ. என்று சொன்னாலும் தலையின் அளவு 4.48, 4.49, 4.50 என்று மாறும். ஒரே கம்பெனி, ஒரே பெயர், வேறு பேட்ச் என்றால்கூட ஒரு குழலில் கூடி விழுவது இன்னொன்றில் விரிந்து விழும். ஆகவே மொத்தமாகப் பத்து டப்பா வாங்கிவிடாதீர்கள். மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, பிஸ்டலைத் தாங்கலில் வைத்து, வகைக்குப் பத்துப் பத்தாக இரண்டு அட்டை சுடுங்கள். நன்றாக விழுந்த டப்பாவின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் ஒரு வருஷத்துக்கு வாங்கி வையுங்கள்.

இதையெல்லாம் தொண்ணூறு மார்க்குக்குக் கீழே அடிக்கிறவர்கள் செய்ய வேண்டியதில்லை. கையின் சிதறல் பத்துச் சென்டிமீட்டர் இருக்கும்போது பெல்லட்டின் சிதறலை மில்லிமீட்டரில் அளந்து என்ன செய்ய? நல்ல கம்பெனி பயிற்சி பெல்லட் போதும். ஆனால் டப்பாவைக் கீழே போட்டால் அந்த டப்பாவை ஒதுக்கி வையுங்கள். பாவாடை நசுங்கின பெல்லட் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. பெல்லட்டின் பின்பக்கக் குழிந்த விளிம்பைத்தான் பாவாடை என்கிறோம்.

பெல்லட் என்பது ஈயம். வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற பழக்கம் சில பிள்ளைகளுக்கு உண்டு, விடாதீர்கள். சுட்ட கையோடு வடையைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் சாப்பிடட்டும்.

"பிஸ்டல்லயே கோளாறு இருக்கான்னு உறுதியா எப்படித் தெரியும்?"

கையை வெளியே எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இடுக்கி இல்லாத வீட்டில் பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு பக்கமும் தைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் அதை வைத்து, அதன்மேல் மணிக்கட்டை ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துச் சுடுங்கள். குழலை மூட்டைமேல் சாய்க்கக் கூடாது, கை மட்டும்தான் சாய வேண்டும். (ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம், தாமிரபரணியில் அள்ள விடவும் மாட்டார்கள். எம்-சாண்ட் போதும்.) இப்படிச் சுட்டால் நடுத்தரச் சுடுநருக்குக்கூடப் பத்துக் குண்டும் பத்து வட்டத்துக்குள்ளேயோ அதை ஒட்டியோ கூடும். கூடிவிட்டால் வழக்கு தள்ளுபடி.

கூடவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். பின்சைட்டைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறதா, விரலால் ஆட்டிப் பாருங்கள். முன்சைட்டும் அப்படியே. கைப்பிடியைக் குழலோடு பிணைக்கிற திருகு அடுத்து. மரக் கைப்பிடி நம்ம ஊர் காற்றுக்கு, ஐப்பசியில் ஈரமும் பங்குனியில் காய்ச்சலுமாக, கொஞ்சம் அசையும். நான் பார்த்த உண்மையான கோளாறுகளில் பாதி இந்த மூன்று திருகில் முடிந்தது.

பிறகு குழல்வாயில் மாட்டியிருக்கும் காம்பென்சேட்டர், காற்றை மேலே பிரித்துவிடுகிற அந்தத் தொப்பி. அது கோணலாக மாட்டியிருந்தால் பெல்லட் அதன் ஓரத்தை உரசிக்கொண்டு போகும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈயக் கோடு பளபளத்தால் அதுதான் ஆள். ஒரு பெண்பிள்ளையின் புது பிஸ்டலில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவ்வளவு நாளும் அந்தப் பெண்ணைப் 'பயப்படாதே, விசையை மெதுவா இழு' என்று திட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அவள் அப்பாவைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும்.

கடைசியாக, பெல்லட் போடுகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம். அது வெட்டுப்பட்டிருந்தால் காற்று கசியும், ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். சுடும்போது கன்னத்துப் பக்கம் காற்று வீசினால் சந்தேகப்படலாம்.

"முதல் நாப்பது குண்டு ஜோரா விழுது. அப்புறம் கீழ கீழ இறங்குது."

ஒன்று, கை சோர்ந்துவிட்டது. இல்லை, பிஸ்டலுக்குக் காற்றுக் கொடுக்கிற சிலிண்டர் சோர்ந்துவிட்டது. காற்றழுத்தத்தைக் காட்டுகிற மானியைப் பாருங்கள். சிலிண்டரை 200 பார் ('பார்' என்பது அழுத்தத்தின் அளவு) வரை நிரப்புகிறோம். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றைக் கொடுக்கும். மானி 70-க்குக் கீழே இறங்கிய பிறகு ரெகுலேட்டரால் தாக்குப்பிடிக்க முடியாது, வேகம் குறையும், குண்டு தாழும். மானி நன்றாக இருந்தும் தாழ்ந்தால் கைதான். போட்டியில் அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிஷம்; நாற்பதோடு நின்றுபோகிற தோளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தினமும் சுடாமலே பிஸ்டலைத் தூக்கி நிறுத்திப் பழகட்டும்.

ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பிஸ்டலின் முதல் ஒன்றிரண்டு குண்டு விலகலாம். அதை மண்ணில் சுட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சிலிண்டரைப் பற்றி இன்னும் மூன்று விஷயம், இவை குறிக்காக இல்லை, உயிருக்காக. மே மாதத்தில் காரை ஜங்ஷனில் நிறுத்திவிட்டு நிரப்பின சிலிண்டரை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். 30 டிகிரியில் 200 பார் இருந்தது 65 டிகிரியில் 223 பார் ஆகும். இரண்டாவது, சிலிண்டரில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். ஆயுள் பொதுவாகப் பத்து வருஷம், காலாவதியானதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். மூன்றாவது, ஆக்ஸிஜன் நிரப்பவே கூடாது. "ஆஸ்பத்திரியில தெரிஞ்ச பையன் இருக்கான், நிரப்பித் தருவான்" என்று ஒருவர் வந்தார். அழுத்தமான ஆக்ஸிஜனும் துளி எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். சுத்தமான, ஈரமில்லாத காற்று மட்டும். பங்சர் கடை கம்ப்ரசரில் அந்த அழுத்தத்துக்குப் பக்கத்தில்கூட வராது. டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்புங்கள், அல்லது ஈர வடிகட்டி வைத்த கைப்பம்பு. பம்பு அடித்தால் நல்ல உடற்பயிற்சி, பையனையே அடிக்கச் சொல்லுங்கள்.

"ட்ரிக்கரை லேசாக்கிட்டா கை ஆடாதுல்லா?"

ஆகாது. போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். எடைக்கட்டியைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். தாங்கவில்லை என்றால் வெளியே. தவிர, ரொம்ப லேசான விசையில் தொடங்குகிற பிள்ளைகள் விசையைத் தொடவே பயப்படுவார்கள், தொட்டதும் சட்டென்று இழுத்துவிடுவார்கள். புதியவர்களுக்கு நான் 550-க்குப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பேன். விசை இரண்டு கட்டமாக இழுபடும்; முதல் கட்டத்தில் பாதிக்கு மேல் பாரம் இருக்கட்டும், இரண்டாம் கட்டத்துக்கு மீதி.

எலக்ட்ரானிக் விசை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். விசை சுத்தமாக விடுபடும், உண்மைதான். ஆனால் பேட்டரி, கம்பி, சர்க்யூட் என்று கெட்டுப்போக இன்னும் நாலு சாமான் சேரும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கருக்குப் பிஸ்டல் பழுதாகி, சரிசெய்வதற்குள் நிமிஷங்கள் போய், இறுதிச்சுற்றுக்குள் நுழைய முடியாமல் போனது நினைவிருக்கும். மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் அதே பத்து மீட்டரில் வெண்கலம் வாங்கினார். தொடங்குகிற பிள்ளைக்கு இயந்திர விசையே போதும் என்பது என் கட்சி.

"எனக்கு வயசு நாப்பத்தாறு. முன்சைட் ரெண்டாத் தெரியுது."

எனக்கும்தான். கண் டாக்டரிடம் போகும்போது படிக்கிற தூரத்தைச் சொல்லாதீர்கள். கையை நீட்டி, கண்ணிலிருந்து முன்சைட் வரைக்கும் நாடாவால் அளந்து, அந்த எண்ணைக் கொண்டுபோங்கள். அந்தத் தூரம் தெளிவாகத் தெரிகிற மாதிரி தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பார்வைக் கண்ணாடியில் தலையை ஆட்டி ஆட்டிச் சுட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு சைட்.

"ரேஞ்ச் தூரம். மொட்டை மாடியில சுடலாமா? சட்டம் என்ன சொல்லுது?"

4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மிகாத சக்தி என்றால் ஏர் ஆயுதத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. மேட்ச் பிஸ்டலின் சக்தி ஆறு ஜூலுக்குள்தான் வரும்: அரை கிராம் பெல்லட், வினாடிக்கு 150 மீட்டர் வேகம். ஆனால் அந்த ஆறு ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். அட்டைக்குப் பின்னால் குண்டு பிடிக்கிற பெட்டி, அதற்குப் பின்னால் கெட்டிச் சுவர், மாடிக் கதவு சுடுபவரின் முதுகுப் பக்கம், சுடுபவர் கண்ணுக்குக் கண்ணாடி. துணி காயப்போட வருகிற ஆச்சிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

குறியைப் பொறுத்தவரை மாடி மோசமான இடம். பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடிக்காற்றில் பெல்லட்டைவிடக் கைதான் அலையும். காலை வெயில் ஒரு பக்கமாக முன்சைட்டில் விழுந்தால் அந்த ஓரம் பளிச்சென்று கரைந்து, சைட் நகர்ந்த மாதிரி ஏமாற்றும். காலையில் வலது, சாயங்காலம் இடது என்று கூட்டம் மாறினால் பிஸ்டலைக் குறை சொல்லாதீர்கள், சூரியனைச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நீள நடை இருந்தால் அதுவே மேல். அட்டைமேல் தனி விளக்கு, அட்டையின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர். பத்து மீட்டர் என்பது நாடாவால் அளந்த பத்து மீட்டர். 'ஒரு முப்பதடி இருக்கும்' என்பது இல்லை.

"எண்ணெய் போட்டுத் துடைக்கணுமா?"

புதுக் குழலுக்குள் தொழிற்சாலையில் தடவின எண்ணெய் இருக்கலாம். சுத்தம் செய்கிற ஃபெல்ட் உருண்டையைப் புத்தகத்தில் சொன்னபடி நாலைந்து ஓட்டிவிட்டு, ஒரு ஐம்பது பெல்லட் சுட்ட பிறகு சைட் வையுங்கள். குழலுக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள். உவரி, கூடங்குளம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் வெளி இரும்பை மட்டும் எண்ணெய்த் துணியால் லேசாக ஒற்றி வையுங்கள். உப்புக் காற்று ஒரு மழைக்காலத்தில் பூத்துவிடும்.

"லைசென்ஸ் எடுத்து .32 ரிவால்வர் வாங்கியிருக்கேன். பத்து மீட்டர்ல அட்டையே படமாட்டேங்குது. சைட்டை அரத்தால ராவிரலாமா?"

அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டது. ராவாதீர்கள். அது வேறு சாமான், வேறு வேலை. மூன்று அங்குலக் குழல், திருகி மாற்ற முடியாத சைட், இரண்டு சைட்டுக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைவு. மேலே போட்ட கணக்கை 12 சென்டிமீட்டருக்குப் போட்டால் 1 மி.மீ. கோணல் பத்து மீட்டரில் 8 சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். அதோடு, சுத்தியலைப் பின்னிழுக்காமல் நேரே விசையை இழுத்தால் அந்தப் பாரத்துக்குக் கை மொத்தமும் சாயும்.

அனுமதி பெற்ற ரேஞ்சில், சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் நிற்க, ஐந்து மீட்டரில் தொடங்குங்கள். சுத்தியலைப் பின்னிழுத்து வைத்து, இரண்டு கைப்பிடியில், அட்டையின் நடுவில் ஆறு குண்டு. கூடினால் ஏழு மீட்டர், பிறகு பத்து மீட்டர். வெடிக்கு முன்னாலேயே கண்ணை மூடுகிறீர்களா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கால்வாசி விவகாரம் அங்கே இருக்கும். அதன் பிறகும் ஒரே பக்கம் விலகினால் லைசென்ஸ் உள்ள ஆயுத வேலைக்காரரிடம்தான் போக வேண்டும். தோட்டத்தில் பனைமரத்தில் சுட்டுப் பார்த்தேன் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

"எப்பத்தான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பலாம்?"

மணல்மூட்டையில், இரண்டு பேர், இரண்டு வகை பெல்லட், திருகுகள் எல்லாம் இறுக்கின பிறகும் சிதறினால் அனுப்பலாம். வாங்கின மாதத்திலேயே அனுப்புங்கள். உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். நீங்களே பிரித்துப் பார்த்தால் உத்தரவாதம் போய்விடும். சீல் வைத்த திருகில் ஸ்க்ரூடிரைவர் தழும்பைக் கண்டால் கடைக்காரருக்கு அன்றைக்குத் தீபாவளி.

பெட்டியோடு என்னென்ன வைப்பது? சுட்ட அட்டைகள் நாலைந்து, ஒவ்வொன்றிலும் தேதி, பெல்லட் பெயர், பேட்ச் எண், மானி காட்டிய அளவு. தொழிற்சாலையிலிருந்து வந்த சின்ன அட்டையின் போட்டோ. அசல் உங்களிடமே இருக்கட்டும். கடிதத்தில் 'பிஸ்டல் சரியில்லை' என்று எழுதாமல், 'மணல்மூட்டையில் பத்துக் குண்டு இத்தனை மில்லிமீட்டர் விரிகிறது' என்று எழுதுங்கள். சிலிண்டரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; காற்று நிரப்பின சிலிண்டரைக் கூரியர்காரர் வாங்க மாட்டார்.